பத்து டிகிரியின் கணக்கு

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வீட்டுப் பட்டறை வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

ஜங்லிகாட், ஹேடோ, பாம்பூ பிளாட் தொடங்கி ரங்கத், திக்லிப்பூர், கேம்ப்பெல் பே வரை, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, அதில் ஒரு சின்ன லேத்தையும் ஒரு பெஞ்ச் டிரில்லையும் நிறுத்தி வைத்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் இந்த மடலை எழுதுகிறேன். உங்களில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் உண்டு. படகு எஞ்சின் மெக்கானிக்குகள், பள்ளி ஆசிரியர்கள், ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகள் உண்டு. இதில் வரும்படி பார்க்கிறவர்கள் குறைவு. சக்கில் மாட்டிய பித்தளைத் துண்டிலிருந்து சீவல் பறக்கும்போது கிடைக்கும் நிறைவுக்காகவே பெரும்பாலானோர் மாலை நேரத்தைக் கொட்டகையில் கழிக்கிறீர்கள். அந்த நிறைவு எனக்கும் தெரியும். அதனால்தான் இவ்வளவு உரிமை எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நாம் தொழில் கற்றுக்கொண்ட புத்தகங்கள் பெரும்பாலும் குளிர்ப் பிரதேசங்களில் எழுதப்பட்டவை. அவற்றில் வரும் அறை, 20 டிகிரி செல்சியஸில் இருக்கும் அறை. நீளத்தை எந்த வெப்பநிலையில் அளக்க வேண்டும் என்பதற்கு 1931ல் உலக அளவில் ஒரு முடிவு எடுத்தார்கள். அதுவும் 20 டிகிரிதான். உங்கள் மைக்ரோமீட்டரில் பொறித்திருக்கும் ஒவ்வொரு கோடும் அந்த 20 டிகிரிக்குச் சொந்தமானது. நம் தகரக் கூரையின் கீழே மதியத்தில் 30 டிகிரி என்பது சாதாரணம்; மார்ச், ஏப்ரலில் அதையும் தாண்டும். இடையில் இருக்கும் இந்தப் பத்து டிகிரி நம் பட்டறையில் இரண்டு விஷயத்தில் குறுக்கே வருகிறது. பாதரச விஷயத்தில் அது நம் உடம்பைப் பாதிக்கிறது. அளவு விஷயத்தில் நம் வேலையைப் பாதிக்கிறது. பாதரச ஆவியும் கண்ணுக்குத் தெரியாது, பத்து மைக்ரான் வித்தியாசமும் கண்ணுக்குத் தெரியாது. தெரியாத இந்த இரண்டையும் கணக்குப் போட்டுத்தான் பிடிக்க முடியும்.

பாதரசத்திலிருந்து தொடங்குகிறேன். "பாதரசமா, அது ஏன் நம்ம பட்டறையில் இருக்கப்போகுது?" என்று கேட்பவர்கள் ஒரு நிமிடம் அலமாரியைத் திறந்து பாருங்கள். பழைய டாக்டர் வீட்டிலிருந்து வந்த ரத்த அழுத்தக் கருவி. இரண்டு கார்புரேட்டர் உள்ள பைக்கை டியூன் செய்ய ஒரு காலத்தில் வாங்கிய பாதரசக் குழாய் கேஜ். பழைய கப்பல் சாமான்களோடு வந்த பாரோமீட்டர். சில பழைய கைரோ காம்பஸ்களுக்குள்ளும் பாதரசம் உண்டு. சாய்ந்தால் மின்சாரம் பாயும் கண்ணாடிக் குப்பி சுவிட்சுகள், உடைந்த தெர்மோமீட்டரிலிருந்து சேகரித்த சொட்டுகள், "ரசமணி கட்டலாம்" என்று யாரோ கொடுத்துவிட்டுப் போன சின்ன சீசா. கப்பல் வந்து போகும் ஊர் இது. கப்பலில் இருந்த எதுவும் ஒரு நாள் நம் பழைய இரும்புக் கடைக்கு வரும், அங்கிருந்து நம் கொட்டகைக்கு வரும்.

"சின்ன வயசுல உள்ளங்கையில உருட்டி விளையாடினோமே, ஒண்ணும் ஆகலையே" என்பது அடுத்து வரும் பேச்சு. அதற்கு நேரான பதில் இருக்கிறது. தோல் வழியாகப் பாதரச உலோகம் உடம்பில் ஏறுவது குறைவு. தவறி விழுங்கினாலும் குடல் அதை அநேகமாக ஏற்றுக்கொள்வதில்லை. ஆபத்து மூச்சில் இருக்கிறது. மூச்சோடு உள்ளே போகும் பாதரச ஆவியில் ஏறத்தாழ 80 சதவீதம் நுரையீரல் வழியே ரத்தத்தில் கலந்துவிடும். அங்கிருந்து மூளைக்குப் போகும், சிறுநீரகத்தில் தங்கும், கர்ப்பிணியின் வயிற்றில் வளரும் குழந்தையையும் எட்டும். கை நடுக்கம், தூக்கமின்மை, எரிச்சல், மறதி, ஈறு வீக்கம் என்று அது வெளிப்படும்போது, வயதாகிவிட்டது, வேலைப்பளு அதிகம் என்றுதான் வீட்டில் நினைப்பார்கள். ஆவிக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. எச்சரிக்கவே எச்சரிக்காது.

இப்போது பத்து டிகிரிக்கு வருவோம். மூடிய அறையில் திறந்து கிடக்கும் பாதரசம் 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றில் அதிகபட்சம் 13 மில்லிகிராம் அளவுக்கு ஆவியாக நிற்கும். 30 டிகிரியில் அது 29 மில்லிகிராம். இரண்டு மடங்குக்கும் மேல். தொழிற்சாலைத் தொழிலாளி எட்டு மணி நேரம் சுவாசிக்கலாம் என்று அமெரிக்கத் தொழில் சுகாதார வல்லுநர்கள் வகுத்த வரம்பு கன மீட்டருக்கு 0.025 மில்லிகிராம். பத்துக்குப் பத்து அடி அறையில், பத்தடி உயரத்தில், ஏறத்தாழ 28 கன மீட்டர் காற்று இருக்கும். அந்த அறை வரம்பைத் தொட 0.7 மில்லிகிராம் ஆவி போதும். ஒரு காய்ச்சல் தெர்மோமீட்டரில் இருப்பது ஏறக்குறைய ஒரு கிராம். அதாவது, ஜன்னல் மூடிய கொட்டகையில் ஒரு தெர்மோமீட்டர் உடைந்து, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆவியானாலே வரம்பைத் தொட்டுவிடும். ரத்த அழுத்தக் கருவியில் இருப்பதோ நூறு கிராம் அளவுக்கு வரும்.

கீழே விழுந்த பாதரசம் ஏன் அவ்வளவு மோசம் என்பதையும் கணக்கில் பாருங்கள். ஒரு மில்லி லிட்டர் பாதரசம், எடை பதின்மூன்றரை கிராம், ஒரே உருண்டையாக இருந்தால் அதன் மேற்பரப்பு 5 சதுர சென்டிமீட்டருக்கும் குறைவு. அதுவே பெஞ்சிலிருந்து சிமென்ட் தரையில் சிதறி அரை மில்லிமீட்டர் மணிகளாக உடைந்தால் 15,000 மணிகள். மேற்பரப்பு 120 சதுர சென்டிமீட்டர். ஆவியாகும் பரப்பு 25 மடங்கு கூடிவிட்டது. அந்த மணிகள் தரை வெடிப்பிலும், லேத் காலுக்கடியிலும், குவித்து வைத்த சீவலுக்குள்ளும் போய் உட்கார்ந்து, வருடக்கணக்கில் ஆவியாகிக்கொண்டே இருக்கும்.

அப்படிச் சிந்திவிட்டால் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் உடனே வெளியே அனுப்புங்கள். வீட்டுக்குள் போகும் கதவை மூடி, வெளிப்பக்கம் இருக்கும் கதவு, ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றுங்கள். தங்கத்தைப் பாதரசம் உடனே பிடித்துக்கொள்ளும். விளக்குமாறு எடுக்காதீர்கள், அது ஒரு மணியைப் பத்தாக்கும். வேக்குவம் கிளீனர் வேண்டவே வேண்டாம். அது சூடான காற்றோடு ஆவியை அறை முழுக்க ஊதிவிடும். டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடித்தால் மணிகள் பளிச்சென்று தெரியும். கையுறை போட்டுக்கொண்டு, இரண்டு அட்டைகளால் மெல்ல ஒதுக்கிச் சேர்த்து, மருந்து சிரிஞ்சில் ஊசி இல்லாமல் உறிஞ்சி எடுங்கள். பொடிப் பொடி மணிகளை ஒட்டும் டேப்பில் ஒற்றி எடுங்கள். வெடிப்புகளில் கந்தகப் பொடி தூவலாம். ஆனால் அது அள்ளிய பிறகு செய்யும் வேலை, அள்ளுவதற்குப் பதிலாகச் செய்யும் வேலை அல்ல. சேர்த்ததை இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு, மேலே ஒரு விரற்கடைத் தண்ணீர் ஊற்றி மூடுங்கள், ஆவி அடங்கும். துடைத்த துணி, அட்டை, டேப் எல்லாவற்றையும் இரட்டைப் பையில் கட்டுங்கள். சாக்கடையில் கொட்டக் கூடாது, எரிக்கவும் கூடாது. அந்தத் துணியைத் துவைக்கவும் கூடாது.

உலோகத்தை நேசிக்கிற உங்களுக்கு, பாதரசத்தை விலக்கி வைக்க இன்னொரு காரணமும் சொல்கிறேன். இரும்பைப் பாதரசம் தொடாது. அதனால்தான் அதை இரும்புக் குடுவைகளில் விற்றார்கள். பித்தளை, செம்பு, ஈயம், வெள்ளி எல்லாவற்றையும் அது பிடிக்கும். உள்ளுக்குள் இழுவிசை தங்கிய பித்தளைக் குழாய் பாதரசம் பட்டால் பிளந்துகொள்ளும். அலுமினியத்தின் மேலே இயற்கையாகப் படர்ந்திருக்கும் ஆக்சைடு தோலில் ஒரு கீறல் கிடைத்து, அதன் வழியே பாதரசம் உள்ளே போய்விட்டால், அலுமினியம் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சுபோல் பூத்து உதிரும். விமானங்களில் பாதரசத்துக்கு அவ்வளவு கெடுபிடி இருப்பது இதனால்தான். 2004 ஜனவரி 1 அன்று ஆஸ்திரேலியாவின் மூம்பா எரிவாயு ஆலையில் நடந்த வெடிப்புக்கு, எரிவாயுவோடு வந்த பாதரசம் அலுமினிய வெப்பப் பரிமாற்றியின் ஒரு பகுதியை உடைய வைத்ததே காரணம். அலுமினியப் படகு பாகங்களைக் கடையும் பெஞ்சில் பாதரசத்துக்கு என்ன வேலை?

பாதரசத்துக்குப் பதிலாக காலியம் வாங்கிப் பார்க்கலாம் என்று யோசிக்கும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. அது பாதரசம்போல மூச்சில் ஏறும் நஞ்சல்ல, உண்மை. ஆனால் அது 29.8 டிகிரியில் உருகும். குளிர் ஊரில் கட்டியாக இருக்கும் காலியம் நம் ஊர் மதியத்தில் தண்ணீராக ஓடும். ஓடிப் போய் அலுமினியத்தின் மேல் பட்டால் அதையும் நொறுங்க வைக்கும். இறுகிய மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், லேத்துக்குத் தூரமாக வையுங்கள்.

கொடைக்கானலை உங்களுக்கு நினைவூட்டாமல் இந்த விஷயத்தை முடிக்க முடியாது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் இருந்த ஒரு தெர்மோமீட்டர் தொழிற்சாலை 1980களில் அங்கே இடம்பெயர்ந்தது. சீஸ்பரோ பாண்ட்ஸ் நிறுவனம் கொண்டுவந்த அந்த ஆலை, பின்னர் இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. 2001 மார்ச்சில் ஊர் மக்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் அங்கே மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய சாமான் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் குவிந்து கிடந்ததை வெளிக்கொண்டு வந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003ல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்குத் திரும்பிப் போனது. பாம்பார் சோலையை ஒட்டிய ஆலை மண்ணைச் சுத்தப்படுத்துவது பற்றிய வழக்கும் வாதமும் அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் நீண்டன. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேர் நிறுவனத்தோடு உடன்பாட்டுக்கு வர 2016 மார்ச் ஆனது.

இதில் நமக்கு இரண்டு பாடம். கொடைக்கானல் ஏழாயிரம் அடி உயரத்தில் குளிரும் ஊர். அங்கேயே அப்படி என்றால், 30 டிகிரியில் இருக்கும் நம் நிலைமையை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது, விஷயம் வெளிப்பட்ட இடம் ஒரு பழைய சாமான் கடை. அதே மாதிரிக் கடைகளிலிருந்துதான் நாம் கிலோ கணக்கில் பித்தளையும் கன்மெட்டலும் வாங்கி வருகிறோம். சாமானைத் தூக்கிப் பையில் போடும் முன் குலுக்கிப் பாருங்கள். கண்ணாடிக்குள் வெள்ளி நிறத்தில் எதுவும் ஆடினால் வேண்டாம் என்று சொல்லுங்கள், கடைக்காரரிடமும் விளக்கிச் சொல்லுங்கள். அவரும் அந்த ஆவியைத்தான் நாள் முழுக்க சுவாசிக்கிறார்.

ஜப்பானின் மினமாட்டாவில் 1956ல் தெரியவந்த நோய், கடலில் கலந்த பாதரசம் மீன் வழியே மனிதருக்கு வந்து சேரும் என்று உலகத்துக்குக் காட்டியது. அந்த ஊர்ப் பெயரில் 2013ல் ஏற்பட்ட உலக உடன்படிக்கை 2017ல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018ல் அதை உறுதி செய்தது. நாம் மீன் இல்லாமல் சோறு இறங்காத தீவுக்காரர்கள். நம் சாக்கடைத் தண்ணீர் எந்தக் கடலுக்குப் போகிறது என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பாதரசம் தவிர இன்னும் சில உலோகங்களிலும் கண் வையுங்கள். தீப்பொறி வராத ஸ்பானர், சுத்தியல் என்று கப்பலிலிருந்து வரும் செம்பு நிறக் கருவிகள் பெரிலியம் கலந்த செம்பாக இருக்கலாம். அதைக் கிரைண்டரில் வைக்காதீர்கள். அந்தத் தூசு நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும். ஜி.ஐ. குழாயை வெல்டிங் செய்தால் வரும் வெள்ளைப் புகை நாகப் புகை. அன்று இரவே காய்ச்சல் வரும். எடை குறைந்த பழைய எஞ்சின் கவர்களில் மக்னீசியம் இருக்கக்கூடும். அதன் சீவலில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். நன்றாக வறுத்து ஆற வைத்த மணலை ஒரு மூடி போட்ட வாளியில் எப்போதும் வைத்திருங்கள். ஈரமான கடல் மணல் உதவாது. என்ன உலோகம் என்று சந்தேகம் வந்தால், காந்தம் வைத்துப் பாருங்கள், பிறகு காற்றிலும் தண்ணீரிலும் எடை போட்டு அடர்த்தியைக் கணக்கிடுங்கள். அலுமினியம் 2.7, எவர்சில்வர் 8க்குச் சற்றுக் குறைவு, பித்தளை எட்டரை, ஈயம் 11.3. உப்புத் தண்ணீரில் மூழ்கும் பாகத்துக்குச் சாதாரணப் பித்தளை போடாதீர்கள். கடல் நீர் அதிலுள்ள நாகத்தை உறிஞ்சி எடுத்துவிடும். பார்க்க முழுசாக இருக்கும், கையில் எடுத்தால் உதிரும். அங்கே கன்மெட்டலும் அலுமினிய வெண்கலமும்தான் நிற்கும். எவர்சில்வர் என்றால் மாலிப்டினம் கலந்த 316.

இனி அளவு.

100 மில்லிமீட்டர் நீளமுள்ள இரும்பு, 20லிருந்து 30 டிகிரிக்குப் போனால் பதினொன்றரை மைக்ரான் நீளும். பித்தளை 19 மைக்ரான். அலுமினியம் 23. இரும்பு வேலையை இரும்பு மைக்ரோமீட்டரால் அளக்கும்போது, இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால் வித்தியாசம் அநேகமாக ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும். அலுமினியத்தில் அப்படித் தீராது. 100 மில்லிமீட்டர் அலுமினியப் பாகத்தை 30 டிகிரியில் அளந்தால் 20 டிகிரி அளவைவிடப் பதினொன்றரை மைக்ரான் கூடுதலாகக் காட்டும். வேலை லேத்திலிருந்து சூடாக இறங்கியிருந்தால் இன்னும் மோசம். 80 மில்லிமீட்டர் அலுமினியப் பிஸ்டனை 50 டிகிரிச் சூட்டில் சரியாக 80க்குக் கடைந்து எடுத்தால், அது 30 டிகிரிக்கு ஆறும்போது 37 மைக்ரான் சுருங்கியிருக்கும். "நான் சரியாத்தானே அளந்தேன்" என்று நீங்கள் சொல்வது உண்மைதான். அளந்த நேரம்தான் தப்பு.

இதற்குச் செலவில்லாத ஒரு வழி உண்டு. ஒரு கனமான வார்ப்பிரும்புத் தட்டை வெயில் படாத மூலையில் வையுங்கள். வேலை, மைக்ரோமீட்டர், சரிபார்க்கும் கேஜ் மூன்றையும் அதன் மேல் ஒரு மணி நேரம் ஒன்றாகக் கிடத்துங்கள். மூன்றும் ஒரே சூட்டுக்கு வரும். பிறகு அளந்து, பக்கத்தில் தொங்கும் ஸ்பிரிட் தெர்மோமீட்டர் என்ன காட்டுகிறதோ அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். மைக்ரோமீட்டரின் சட்டத்தில் பிளாஸ்டிக் பட்டை ஒட்டியிருப்பது உங்கள் கைச்சூடு ஏறாமல் இருக்கத்தான். அந்தப் பட்டையில் பிடியுங்கள்.

மைக்ரோமீட்டரைச் சோதிக்கும் முறையைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். நிறையப் பேர் மூடிப் பார்த்து, பூஜ்யம் வந்தால் சரி என்று விட்டுவிடுகிறார்கள். முதலில் இரண்டு முகத்துக்கும் நடுவே சுத்தமான வெள்ளைத் தாளை வைத்து லேசாக மூடி, தாளை இழுத்தெடுங்கள். எண்ணெய்ப் படலமும் தூசும் போகும். ராட்செட்டை மெதுவாகத் திருப்பி மூன்று கிளிக் கேட்டதும் நிறுத்திப் படியுங்கள். பூஜ்யம் தள்ளியிருந்தால் கொக்கிச் சாவியால் ஸ்லீவைத் திருப்பிச் சரி செய்யலாம். ஆனால் பூஜ்யம் சரியாக இருப்பது ஒரே ஒரு இடத்தைப் பற்றிய செய்திதான். உள்ளே இருக்கும் ஸ்குரூவின் புரி இடைவெளி அரை மில்லிமீட்டர். அந்தப் புரி எங்கே தேய்ந்திருக்கிறது, ஒரு சுற்றுக்குள்ளேயே எங்கே கோணுகிறது என்று பூஜ்யம் சொல்லாது. அதனால்தான் தரநிலைகளில் 2.5, 5.1, 7.7, 10.3, 12.9, 15, 17.6, 20.2, 22.8, 25 மில்லிமீட்டர் ஸ்லிப் கேஜ்களை வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். 5, 10, 15 என்று பார்த்தால் திம்பிள் எப்போதும் ஒரே நிலையில்தான் வந்து நிற்கும். மேலே சொன்ன எண்களில் அது வேறு வேறு கோணங்களில் நின்று, சுற்றின் எல்லாப் பக்கத்தையும் காட்டிக்கொடுக்கும். ஸ்லிப் கேஜ் கைக்கு எட்டாத தீவில், பிரிக்காத நல்ல கம்பெனி பேரிங் ஒன்று உதவும். சாதாரண வகை 6202 பேரிங்கின் வெளி விட்டம் 35 மில்லிமீட்டர். அதிலிருந்து 11 மைக்ரானுக்கு மேல் குறையக் கூடாது என்பது விதி. 25-50 மைக்ரோமீட்டர் அதில் 34.95 காட்டினால் குறை பேரிங்கில் இருக்க வாய்ப்பில்லை.

வெர்னியர் காலிப்பரிடம் அதன் தகுதிக்கு மேல் கேட்காதீர்கள். அளக்கும் பொருளும் அளவுகோலும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும் என்று ஜெர்மானியர் எர்ன்ஸ்ட் அப்பே 1890ல் சொன்னார். மைக்ரோமீட்டர் அப்படி அமைந்தது. காலிப்பரில் பொருள் ஓரிடம், கோல் ஓரிடம். அழுத்தினால் தாடை சாயும். டிஜிட்டல் காலிப்பரின் திரையில் 0.01 தெரிகிறது என்பதற்காக அது 0.01க்கு உண்மை சொல்கிறது என்று ஆகாது. ஈரமும் உப்பும் ஏறினால் அதன் எண்கள் தாவவும் செய்யும். பேரிங் உட்காரும் இடத்துக்குக் காலிப்பரை நம்பி இறங்காதீர்கள். கருவியின் பிழை, வேலைக்கு அனுமதித்த வித்தியாசத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது.

அடுத்தது துரு. வருடத்துக்கு மூன்றாயிரம் மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்யும், உப்புக் காற்று ஓயாத ஊரில், வேர்த்த விரல் பட்ட ஸ்லிப் கேஜில் ஒரே இரவில் ரேகை துருவாகப் பதியும். பதிந்தால் அந்தக் கேஜ் போச்சு. தொட்டதும் துடைத்து, அமிலம் கலக்காத வாசலின் தடவி, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். மரப்பெட்டி அழகுதான், ஆனால் மழைக்காலத்தில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். புதிதாக வாங்குகிறவர்களுக்கு என் யோசனை: சிர்கோனியா செராமிக் கேஜ் வாங்குங்கள். துருப் பிடிக்காது, சூட்டுக்கு நீளுவதிலும் ஏறக்குறைய இரும்பை ஒத்திருக்கும்.

கேலிபரேஷன் என்றதும் கருவியைத் திருகிச் சரி செய்வது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கேலிபரேஷன் என்பது, நம் கருவி காட்டுவதை, உண்மை அளவு தெரிந்த ஒன்றோடு ஒப்பிட்டு, எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று எழுதி வைப்பது. தெரிந்த பிழை நம்மைக் கெடுக்காது, கழித்துக்கொள்ளலாம். இந்த ஒப்பீட்டுச் சங்கிலியின் மேல் முனை புதுடெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. அங்கிருந்து என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற கூடங்கள் வழியாக நம் கை வரை அது வருகிறது. சென்னை கிண்டியில் உள்ள மத்திய அரசின் எம்.எஸ்.எம்.இ. சோதனை மையம் போன்ற இடங்களுக்கு நாம் கேஜ்களை அனுப்பலாம். சென்னைக்குக் கப்பலில் மூன்று நாள். ஒவ்வொருவரும் தனித்தனியாக அனுப்புவது கட்டுப்படியாகாது. அதற்குத்தான் கீழே ஒரு வேண்டுகோள் வைக்கிறேன்.

கடைக்காரரின் தராசைச் சோதிக்க 2009 எடை அளவுச் சட்டம் இருக்கிறது, அதிகாரி வருகிறார். தொழிற்சாலைக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார். நம் கொட்டகைக்கு யாரும் வருவதில்லை. அந்தச் சுதந்திரத்தில்தான் நாம் வளர்ந்தோம். பள்ளிப் படிப்பை முடிக்காமல், ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டியே எஞ்சினைக் கற்றுக்கொண்ட கோவை ஜி.டி. நாயுடுவின் வழி அது. ஆசிரியர் இல்லாமல் கற்கிறவர், சோதிப்பவர் இல்லாமல் வேலை செய்கிறவர் ஆகிவிடக் கூடாது. நமக்கு நாமே இன்ஸ்பெக்டர்.

ஆகவே நண்பர்களே, மூன்று காரியம் கேட்கிறேன்.

ஒன்று, இந்த மழைக்காலம் தொடங்கும் முன் உங்கள் கொட்டகையில் பாதரசம் உள்ள ஒவ்வொரு பொருளையும் எடுத்து, உடையாமல் சுற்றி, மூடி, மேலே "பாதரசம்" என்று தமிழிலும் இந்தியிலும் எழுதி, தனியாக ஒதுக்குங்கள். விற்காதீர்கள், அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள். எல்லோருடையதையும் ஒரே பட்டியலாக்கி, அந்தமான் நிக்கோபார் மாசுக் கட்டுப்பாட்டுக் குழுவை அணுகி, அவர்கள் சொல்லும் முறையில் ஒப்படைப்போம். தனி ஆளாகப் போவதைவிடப் பட்டியலோடு கூட்டமாகப் போனால் காரியம் நடக்கும்.

இரண்டு, ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, பொதுவாக ஒரு செராமிக் ஸ்லிப் கேஜ் பெட்டி வாங்குவோம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அது மட்டும் சென்னைக்குப் போய் சான்றிதழோடு வரட்டும். மற்ற மாதங்களில் அது தீவு தீவாகச் சுற்றட்டும். மாயாபந்தருக்கும் கச்சாலுக்கும் போகிற நண்பர் கையில் எடுத்துப் போகலாம். அவரவர் மைக்ரோமீட்டரை அவரவர் ஊரிலேயே அதில் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

மூன்று, ஒவ்வொரு கருவிக்கும் ஒரு நோட்டு. தேதி, அன்றைய வெப்பநிலை, எந்தக் கேஜ், கருவி எவ்வளவு காட்டியது. நாலு வரி போதும். உங்கள் பட்டறைக்கு வேலை கற்க வரும் பிள்ளையின் கையால் அதை எழுத வையுங்கள். லேத் ஓட்டக் கற்கும் முன் அளக்கக் கற்கட்டும். அளக்கக் கற்கும் முன் சந்தேகப்படக் கற்கட்டும்.

பணப் பொறுப்பையும் பட்டியல் எழுதும் பொறுப்பையும் ஏற்க யார் யார் முன்வருகிறீர்கள் என்று சொல்லுங்கள். பாதரசப் பட்டியலில் முதல் வரியாக என் வீட்டு ரத்த அழுத்தக் கருவியை எழுதிவிட்டேன். இரண்டாவது வரி உங்களுடையதாக இருக்கட்டும்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்
ஹேடோ, ஸ்ரீ விஜய புரம்